கார் ரேக்கில் சைக்கிள்: சைலன்ஸர் சூட்டிலிருந்து டயரைக் காப்பது எப்படி?

சென்னையில் சைக்கிள் ஓட்டத் தொடங்குகிறவர்களுக்குச் சில மாதங்களிலேயே ஒரு ஆசை வந்துவிடும். முட்டுக்காடு போயாயிற்று, மாமல்லபுரமும் பார்த்தாயிற்று, அடுத்து ஏலகிரியோ ஏற்காடோ ஏதாவது ஒரு மலையில் ஏறிப் பார்க்க வேண்டும். அவ்வளவு தூரம் சைக்கிளைக் கொண்டுபோகக் காரின் பின்னால் மாட்டும் ரேக் ஒன்றை வாங்குகிறோம். பெல்ட்டை எப்படி இழுத்துக் கட்டுவது, கொக்கியை எங்கே மாட்டுவது என்பதெல்லாம் பெட்டியில் வரும் தாளில் படத்தோடு இருக்கும். சைலன்ஸரைப் பற்றி ஒரு வரி இருந்தாலே அதிகம், அதுவும் பொடி எழுத்தில்.

புகைக்குழாய்க்கு நேர் எதிரே ஒரு டயர் தொங்கினால், இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் அதன் பக்கச்சுவர் வெந்துபோகலாம். போய் இறங்கியதும் டியூப் வெடித்திருந்தால் அது அதிர்ஷ்டம், ஏனென்றால் பிரச்சினை கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அரைகுறையாக வெந்த டயர்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அதை நம்பி மலையிலிருந்து மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது விட்டுக்கொடுக்கும். அதனால் முதல் முறை ரேக் மாட்டுகிறவர்கள் இதை நிதானமாகப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

டயரும் குழாயும் ஏன் எதிரெதிரே வருகின்றன?

இது தற்செயல் இல்லை, அளவுகள் அப்படி அமைந்திருக்கின்றன. ஒரு ரோடு சைக்கிளின் இரண்டு சக்கர மையங்களுக்கும் இடையே ஏறக்குறைய 1 மீட்டர் இருக்கும். மலை சைக்கிள் என்றால் இன்னும் பத்து, இருபது சென்டிமீட்டர் கூடும். சைக்கிளைக் காரின் நடுவில் குறுக்காகத் தொங்கவிட்டால் ஒவ்வொரு சக்கரத்தின் அடிப்பகுதியும் காரின் நடுக்கோட்டிலிருந்து அரை மீட்டர் தள்ளி வந்து நிற்கும். நம் ஊர் ஹேட்ச்பேக் கார்களில் புகைக்குழாயும் பெரும்பாலும் நடுவிலிருந்து கிட்டத்தட்ட அதே தூரத்தில், ஏதோ ஒரு பக்கத்தில் இருக்கிறது.

இப்போது உயரத்தைப் பாருங்கள். ரேக்கின் கை தரையிலிருந்து 110 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து, சைக்கிளின் மேல்குழாயை அதில் மாட்டினால், சக்கரத்தின் அடி தரையிலிருந்து 30, 35 சென்டிமீட்டரில் நிற்கும். புகைக்குழாயின் வாயும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. ஆக, ரேக்கை ஒழுங்காக, நடுவாக மாட்டினாலே டயர் சரியாகக் குழாய்க்கு எதிரே வந்துவிடும். இந்த அமைப்பைக் கொஞ்சம் கலைத்துவிடுவதுதான் நம் வேலை. பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளினால் போதும், மேலே ஒரு சாண் உயர்த்தினாலும் போதும். இரண்டும் முடியவில்லையென்றால் அந்தச் சக்கரத்தையே கழற்றிக் காருக்குள் போட்டுவிடலாம்.

சூடு எவ்வளவு, எதற்கு என்ன ஆகும்?

நகருக்குள் மெதுவாக ஓடும் பெட்ரோல் காரின் குழாய் வாயில் புகை 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். நெடுஞ்சாலையில் எஞ்சின் உழைக்கும்போது 200 டிகிரியைத் தாண்டலாம். வெளியே வந்ததும் காற்றோடு கலந்து வேகமாகத் தணிந்துவிடும் என்பதுதான் நமக்குச் சாதகமான விஷயம். ஒரு சாண் தூரத்தில் இருக்கும் டயருக்கும் ஒரு முழம் தள்ளி இருக்கும் டயருக்கும் வித்தியாசம் மிகப் பெரிது.

ரப்பரை 100 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் வைத்தால் அது தன் இழுவையை இழந்து இறுகும், வெடிப்பு விடும். அதற்கு முன்பே ரிம்முக்குள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் டேப் இளகி நகர்ந்துவிடலாம். அப்படி நகர்ந்தால் ஸ்போக் துளையின் விளிம்பு டியூபை அறுக்கும். எடை குறைவு என்று பலர் இப்போது வாங்கும் டிபியு என்ற பிளாஸ்டிக் டியூப்கள் சாதாரண கறுப்பு டியூபைவிடச் சூட்டுக்குப் பயந்தவை. டியூப்லெஸ் டயர் என்றால் ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றிய சீலண்ட் திரவம் காய்ந்து கட்டியாகிவிடும்.

அலுமினிய ரிம்முக்குப் பயமில்லை. அது உருக 600 டிகிரி வாக்கில் வேண்டும், மேலே ஒட்டிய ஸ்டிக்கர்தான் கருகும். கார்பன் ரிம்மின் கதை வேறு. நூலிழைகளைப் பிடித்துவைத்திருக்கும் எப்பாக்ஸி பசை வகையைப் பொறுத்து 120 டிகிரியைத் தாண்டும்போதே இளகத் தொடங்கலாம். ரிம்மிலேயே பிரேக் பிடிக்கும் மாடல்களுக்கு அதிகச் சூடு தாங்கும் பசையைப் போடுவார்கள். டிஸ்க் பிரேக் ரிம்களுக்கு அந்தத் தேவை இல்லாததால் பெரும்பாலும் அவ்வளவு தாங்காது. கார்பன் சக்கரம் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: புகைக்குழாய் இருக்கும் பக்கம் அதைத் தொங்கவிடவே விடாதீர்கள்.

ரேக் வாங்கும் முன்

கூரையில் மாட்டும் ரேக்கில் இந்தத் தொல்லையே கிடையாது. ஆனால் சென்னை அடுக்குமாடிகளின் தரைத்தளப் பார்க்கிங், மால்களின் அடித்தளம், சுரங்கப்பாதைகளின் உயரத் தடுப்புக் கம்பி, இவற்றையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும். காருக்கு மேல் ஒரு மீட்டருக்கு அதிகமாக சைக்கிள் நிற்கிறது என்பது இரவுப் பயணக் களைப்பில் மறந்துவிடும். பின்கதவில் ஸ்பேர் சக்கரம் தொங்கும் மஹிந்திரா தார் மாதிரியான வண்டிகளுக்கு அந்தச் சக்கரத்திலேயே மாட்டும் ரேக் கிடைக்கிறது. சைக்கிள் உயரமாகவும் பின்னால் தள்ளியும் இருப்பதால் சூடு குறைவு. மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் புகைச் சூட்டைப் பற்றிச் சொல்லும் பகுதிகளை அப்படியே தாண்டிவிடலாம்.

ஒரே ஒரு சைக்கிள், ஒரே ஒரு ஆள் என்றால் எனக்குப் பிடித்த வழி ரேக்கே இல்லாமல் போவது. பின்சீட்டை மடக்கி, முன்சக்கரத்தைக் கழற்றினால் ஒரு சின்ன ஹேட்ச்பேக்கிலும் சைக்கிள் நுழைந்துவிடும். இதில் மட்டும் ஒரு கண்டிப்பு உண்டு. சைக்கிள் முழுக்க உள்ளே போகவில்லை என்று டிக்கிக் கதவைப் பாதி திறந்துவிட்டுக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள். ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைவாக இருக்கும், புகை அங்கேயே சுழன்று கதவு இடுக்கு வழியாக உள்ளே வரும். அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. குழந்தைகள் பின்னால் தூங்கிக்கொண்டு வரும் வண்டியில் இது உயிருக்கே ஆபத்து.

டிக்கி ரேக்தான் என்று முடிவுசெய்தால், கைகளின் கோணத்தை மாற்றி உயர்த்தக்கூடியதாக வாங்குங்கள். ஒரே கோணத்தில் நிற்கும் மலிவு ரேக்கில் பின்னால் எதையும் சரிசெய்ய முடியாது.

வீட்டு வாசலில் செய்ய வேண்டியவை

முதலில் உண்மையான குழாய் எது என்று பாருங்கள். புதிய கார்கள் சிலவற்றில் பம்பரின் இரு பக்கமும் பளபளப்பாகப் புகை வாய் மாதிரி வைத்திருப்பார்கள். பல நேரம் அது அலங்காரம்தான். நிஜக் குழாய் உள்ளே எங்கோ ஒரு பக்கத்தில் கீழ்நோக்கித் திரும்பியிருக்கும். வண்டி ஆறியிருக்கும்போது குனிந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். குழாய் எந்தப் பக்கம், நேராகப் பின்னோக்கியா, கீழ்நோக்கியா, பக்கவாட்டிலா என்று குறித்துக்கொள்ளுங்கள். கீழ்நோக்கி வளைந்த குழாய் என்றால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது.

அடுத்தது புகையின் பாதை. ஒரு மெல்லிய ரிப்பனையோ டிஷ்யூ பேப்பர் கீற்றையோ நீளமான குச்சியின் நுனியில் கட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொருவரைக் காருக்குள் உட்காரவைத்து, நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை ஓடவிடச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில் நின்றுகொண்டு கீற்றைக் குழாய்க்குப் பின்னால் வெவ்வேறு தூரத்தில் பிடித்துப் பாருங்கள். எங்கே வேகமாகப் படபடக்கிறது, எங்கே அடங்குகிறது என்று தெரியும். ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தச் சொல்லி இன்னொரு முறை பாருங்கள், பாதை நீளும். இதைத் திறந்த இடத்தில் மட்டும் செய்யுங்கள். மூடிய கார் ஷெட்டிலோ அடித்தளப் பார்க்கிங்கிலோ வேண்டாம்.

இதற்குப் பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு ரேக்கை மாட்டி சைக்கிளைத் தொங்கவிடுங்கள். பின்னால் நின்று பார்த்தால் போதாது. பக்கவாட்டிலும் குனிந்து பாருங்கள். குழாய் வாயிலிருந்து டயரின் மிக அருகிலுள்ள இடம்வரை அளவு டேப் பிடியுங்கள். குழாய் நேராக டயரைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு முழத்துக்குக் குறைவான தூரத்தை நான் ஏற்கமாட்டேன். குழாய் விலகியிருந்தால் ஒரு சாண் போதும்.

சைக்கிளைத் திருப்பி மாட்டுங்கள்

எந்தச் செலவும் இல்லாமல் அதிகப் பலன் தருவது இதுதான். சைக்கிளின் முன்சக்கரம் புகைக்குழாய் இருக்கும் பக்கம் வரும்படி மாட்டுங்கள். பின்சக்கரப் பக்கம் செயின், பல்சக்கரங்கள், கியர் மாற்றி எல்லாம் இருக்கின்றன. புகையின் கரியும் ஈரமும் செயின் எண்ணெயில் ஒட்டினால் பசை மாதிரி ஆகிவிடும். முன்சக்கரத்திலோ அப்படி எதுவும் இல்லை, தவிர அதைக் கழற்றுவதும் சுலபம்.

அதனால் அடுத்த படி இயல்பாகவே வருகிறது: அந்த முன்சக்கரத்தைக் கழற்றிக் காருக்குள் வையுங்கள். ஃபோர்க்கின் நுனி சக்கரத்தின் மையத்தில்தானே முடிகிறது? ஆகவே சக்கரம் போனதும் குழாய்க்கு மேலே இன்னொரு 35 சென்டிமீட்டர் இடைவெளி கிடைத்துவிடும். நீண்ட பயணத்துக்கு இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. கழற்றியபின் ஃபோர்க்கையும் ஹேண்டில் பாரையும் ரேக்கோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வழியெல்லாம் ஆடி காரின் பெயிண்டைக் கீறும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால் பேட்களுக்கு நடுவே மடித்த அட்டையையாவது செருகுங்கள். சக்கரம் இல்லாதபோது யாராவது பிரேக்கைப் பிடித்தால் பேட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திறக்காது.

காருக்குள் வைத்த சக்கரத்தை வெயிலில் மறந்துவிடாதீர்கள். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் 60 டிகிரியை எட்டிவிடும். மின்சார சைக்கிளின் பேட்டரிக்கும் இதே கதிதான். ரேக்கில் மாட்டும் முன் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும், கழற்றியதைப் பூட்டிய காரில் விட்டுவிட்டுப் போகவும் கூடாது.

சக்கரத்தைக் கழற்ற மனமில்லையென்றால் சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். ரேக்கின் கைகள் மேல்குழாயைப் பிடிக்கும் இடத்தை மாற்றினாலே பத்து, இருபது சென்டிமீட்டர் கிடைக்கும். ஒரு பக்கம் டயர் காரின் அகலத்தைத் தாண்டி நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பைக்குகள் எவ்வளவு ஒட்டிக்கொண்டு போகும் என்று சொல்லத் தேவையில்லை.

மேல்குழாய் சாய்வாக இருக்கும் சைக்கிள்கள், லேடீஸ் சைக்கிள்கள் நேராகத் தொங்காது. ஒரு சக்கரம் தாழ்ந்து நிற்கும், பல நேரம் அது குழாய் வாய்க்கே போய் இறங்கும். இதற்கென்று சீட் குழாய்க்கும் ஹேண்டிலுக்கும் நடுவே மாட்டும் இணைப்புக் கம்பி விற்கிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். அது கிடைக்கும்வரை தாழ்ந்த சக்கரம் குழாய் இல்லாத பக்கம் வரட்டும்.

இரண்டு சைக்கிள் என்றால் எடை அதிகமானது காரை ஒட்டி வர வேண்டும். இடம் மிச்சப்பட ஒன்றின் முன்சக்கரமும் மற்றதன் பின்சக்கரமும் ஒரே பக்கம் வரும்படி மாற்றி மாட்டுவார்கள். அப்போது காரை ஒட்டிய சைக்கிளின் முன்சக்கரத்தைக் குழாய்ப் பக்கம் வையுங்கள், அதைக் கழற்றுங்கள். வெளியே இருப்பது தூரமாக இருப்பதால் அவ்வளவு பயமில்லை. குழந்தைகளின் சிறிய சைக்கிள்களில் சக்கரங்கள் நெருக்கமாக இருப்பதால் பெரும்பாலும் குழாயைத் தொடாமலே விலகி நிற்கும்.

எப்படி மாட்டினாலும் நம்பர் பிளேட்டும் பின்விளக்குகளும் மறையக்கூடாது. மறைந்தால் அபராதம் மட்டும் இல்லை, பின்னால் வருகிறவருக்கு நீங்கள் பிரேக் பிடிப்பதே தெரியாது.

வளைந்த டிப், தடுப்புத் தகடு

சக்கரத்தை நகர்த்த வழியே இல்லாத கார்களும் உண்டு. அப்போது புகையைத் திருப்பிவிடலாம். குழாய் வாயில் செருகி ஸ்க்ரூ வைத்து இறுக்கும், கீழ்நோக்கி வளைந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டிப் கார் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். மவுண்ட் ரோடு பக்கத்து ஜி.பி. ரோட்டில் வரிசையாகக் கார் ஆக்சஸரீஸ் கடைகள்தான். புதுப்பேட்டையிலும் தேடலாம். குழாயின் வெளிவிட்டத்தை அளந்துகொண்டு போங்கள், முடிந்தால் காரையே கொண்டுபோய், "அண்ணா, இதுக்கு கீழ் பக்கமா வளைஞ்ச டிப் வேணும், வாய் சுருங்கக்கூடாது" என்று காட்டிக் கேளுங்கள். வாய் சுருங்கக்கூடாது என்பது முக்கியம். டிப்பின் உள்விட்டம் குழாயின் உள்விட்டத்தைவிடக் குறைந்தால் புகை வெளியேறத் திணறி எஞ்சின் கெடும். வெல்டிங் வைக்கலாமா என்று கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பயணம் முடிந்ததும் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். மாட்டிய மறுநாள் ஸ்க்ரூவை ஒருமுறை இறுக்குங்கள்.

டயரைச் சுற்றி அலுமினிய ஃபாயில் சுற்றுவதைச் சிலர் சொல்வார்கள். அதில் பலன் கொஞ்சம்தான். ஃபாயில் தடுப்பது கதிராக வரும் வெப்பத்தை. இங்கே டயரைச் சுடுவது நேராக வந்து மோதும் சூடான புகை. அதற்கு வேண்டியது வழிமறித்துத் திருப்பிவிடும் ஒரு தகடு. ஒரு அடிக்கு ஒரு அடி அளவுள்ள அலுமினியத் தகட்டை லேசாக வளைத்து, டயருக்கும் தகட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கும்படி ரேக்கின் இரும்புச் சட்டத்தில் கட்டுங்கள். கட்டுவதற்கு பிளாஸ்டிக் கேபிள் டை வேண்டாம், சூட்டில் இளகிவிடும். கட்டுக்கம்பி அல்லது ஸ்டீல் ஹோஸ் கிளிப் நல்லது. விளிம்புகளை மடித்துவிடுங்கள், கூர்மையாக இருந்தால் ரேக் பெல்ட்டை அறுக்கும். சாக்கு, துணி, தெர்மகோல் எதையும் தடுப்பாகக் கட்டாதீர்கள், தீப்பிடிக்கும். மழைக்கு என்று சைக்கிள்மேல் போர்த்தும் பிளாஸ்டிக் கவரும் அப்படித்தான்; அதன் தொங்கும் முனை குழாய் வாயில் பட்டால் உருகி ஒட்டிவிடும்.

பெல்ட் நுனியை மறக்காதீர்கள்

டயர் வெந்தால் டயர் போகும். ரேக்கின் பெல்ட் வெந்தால் சைக்கிளே நடுரோட்டில் விழும், பின்னால் இருசக்கர வாகனத்தில் வருகிறவர் அதன்மேல் ஏறுவார். ரேக்கின் கீழ்ப் பெல்ட்டுகள் பம்பருக்கு அடியில் கொக்கி போட்டு இழுக்கப்படுகின்றன. அதாவது குழாய்க்குப் பக்கத்திலேயே போகின்றன. மலிவான பெல்ட்டுகள் பாலிபுரோப்பிலீனில் செய்யப்பட்டவை. அது 160 டிகிரி வாக்கில் உருகிவிடும், அதற்கு முன்பே பலம் குறையும். பெல்ட் எந்த வழியாகப் போகிறது என்று குழாயிலிருந்து விரலால் தொடர்ந்து பார்த்து, குறைந்தது ஒரு சாணாவது விலக்கிக் கொக்கி போடுங்கள். இழுத்தபின் மிச்சமாகத் தொங்கும் நுனிகளைச் சுருட்டி ரேக்கின் மேல்பகுதியில் முடிச்சுப் போடுங்கள். காற்றில் அவிழ்ந்து ஆடும் ஒரு நுனி போதும், சரியாகக் குழாய் வாயைத் தேடிப் போகும்.

காற்றைக் குறையுங்கள்

டயரில் 100 பிஎஸ்ஐ காற்று இருக்கிறது, 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் ஏறக்குறைய 123க்குப் போய்விடும். இளகிய ரப்பரின் மேல் இவ்வளவு அழுத்தம் வந்தால் வெடிக்கத்தான் செய்யும். ஆகவே மாட்டும் முன் பாதிக் காற்றை இறக்கிவிடுங்கள். டயர் வேகாமல் இது காக்காது, வெடிக்காமல் காக்கும். போய்ச் சேர்ந்ததும் அடிக்க ஒரு நல்ல பம்ப் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சோதனை ஓட்டம்

மலைக்குப் போகும் நாளன்று முதல்முறையாக ரேக்கை மாட்டாதீர்கள். அதற்கு முந்தைய வாரம் ஒரு விடியற்காலையில், சாலை காலியாக இருக்கும்போது, தென்சென்னைக்காரர்கள் திருவான்மியூரிலிருந்து கோவளம்வரையும், மேற்கே இருப்பவர்கள் வண்டலூர் மீஞ்சூர் வெளிவட்டச் சாலையிலும் ஒரு நடை போய் வாருங்கள். வெயில் ஏறுமுன் போவது முக்கியம், கறுப்பு டயர் வெயிலிலேயே சூடாகிவிட்டால் எது புகையின் வேலை என்று தெரியாது.

டயரில் குழாய்க்கு அருகில் இருக்கும் இடத்தில் ஒரு மெழுகுவத்தித் துண்டை மெல்லிய கம்பியால் கட்டிவிடுங்கள். சாதாரண மெழுகு 60 டிகிரியை ஒட்டி உருகிவிடும். பத்து கிலோமீட்டரில் நிறுத்திப் பாருங்கள். மெழுகு உருகாமல் இருந்தால் உங்கள் ஏற்பாடு சரி. உருகியிருந்தால் டயர் உடனே கெட்டுவிட்டதாக அர்த்தமில்லை. ஆனால் சமதளத்தில், காலைக் குளிரில், காலியான சாலையில் இந்தச் சூடு என்றால் மலையேற்றத்தில் எவ்வளவு ஆகும்? மறுபடி அளந்து மாற்றி மாட்டுங்கள். சிலர் துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி வைத்திருப்பார்கள். அதை டயரின்மேல் காட்டுங்கள். அது காற்றின் சூட்டை அளக்காது, பளபளக்கும் உலோகத்தின்மேல் காட்டினால் தவறாகக் காட்டும். அதுவும் இல்லையென்றால் உள்ளங்கை போதும். நிறுத்திய உடனே டயரில் கை வைத்து ஐந்து விநாடி வைத்திருக்க முடிந்தால் கவலை வேண்டாம்.

இந்த ஓட்டத்தின் முடிவில் பெல்ட்டுகளையும் இழுத்துப் பாருங்கள். வேகத்தடைகளில் குதித்துக் குதித்து அவை தளர்ந்திருக்கும். தளர்ந்தால் சைக்கிள் தாழும், நீங்கள் வாசலில் எடுத்த அளவெல்லாம் வீண். நிஜப் பயணத்திலும் முதல் 15 கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்தி இறுக்குவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வழியில் கவனிக்க வேண்டியவை

கார் வேகமாக ஓடும்போது புகை அதிகம், சூடும் அதிகம், ஆனால் அதைக் கலைக்கக் காற்று இருக்கிறது. நிற்கும்போது புகை குறைவு, கலைக்கக் காற்று இல்லை. விடுமுறை நாளில் பரனூர் டோல்கேட்டில் ஊர்ந்து போகும்போது, நெடுஞ்சாலையில் கொதித்த குழாய் அப்படியே டயரின் முன்னால் நிற்கிறது. நீண்ட வரிசை என்றால் எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

டீக்கடையில் இறங்கும்போதும் அப்படித்தான். பின்சீட்டில் குழந்தை தூங்குகிறது என்று ஏசியை ஓடவிட்டு அரை மணி நேரம் நிறுத்துவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். ரேக்கில் சைக்கிள் இருக்கும் நாளில் அது வேண்டாம். காரின் பின்பக்கம் சுவரைப் பார்க்கும்படி ரிவர்ஸில் போட்டு, எஞ்சினை ஓடவிட்டால் இன்னும் மோசம். புகை சுவரில் மோதித் திரும்பி, நீங்கள் விலக்கிவைத்த சக்கரத்தின்மேலேயே வந்து விழும். முன்பக்கத்தைச் சுவருக்குக் கொடுத்து நிறுத்துங்கள்.

மலைப்பாதைதான் உண்மையான சோதனை. ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள், சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20, கொல்லிமலைக்கு 70. முதல், இரண்டாம் கியரில் எஞ்சின் முழு மூச்சாக உழைக்கிறது, காரின் வேகமோ மணிக்கு இருபது, முப்பதுதான். சூடும் அதிகம், கலைக்கும் காற்றும் இல்லை. நீங்கள் போவதே சைக்கிளில் மலையேறத்தானே? அடிவாரத்திலேயே சைக்கிளை இறக்கிவிடுங்கள். ஏலகிரிக்குப் பொன்னேரி, கொல்லிமலைக்குக் காரவள்ளி. சைக்கிளையும் காரிலேயே மேலே கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால் அடிவாரத்தில் நிறுத்தி, குழாய்ப் பக்கத்துச் சக்கரத்தைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு ஏறுங்கள்.

டீசல் கார்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் பிஎஸ் 6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்ததும், கார் தானாகவே கூடுதல் டீசலைச் செலுத்தி அந்தக் கரியை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அப்போது வடிகட்டிக்குள் 600 டிகிரி வரை ஏறும், குழாய் வாயில் வரும் புகையும் வழக்கத்தைவிட மிக அதிகமாகச் சுடும். வாரம் முழுக்க வேளச்சேரிக்கும் கிண்டிக்கும் நடுவே ஊர்ந்த வண்டியில் கரி சேர்ந்துகொண்டே இருக்கும், எரிக்க வேண்டிய வேகம் கிடைத்திருக்காது. சனிக்கிழமை விடியற்காலை நெடுஞ்சாலையில் ஏறியதும்தான் அதற்கு வாய்ப்பு வரும். அதாவது, சரியாக சைக்கிள் பின்னால் தொங்கும் நேரத்தில்.

இதற்கு எளிய தீர்வு, பயணத்துக்கு முந்தைய நாள் சைக்கிள் இல்லாமல் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டிவிட்டு வருவது. டிபிஎஃப் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அது அணையும்வரை ரேக்கை மாட்டவே வேண்டாம். வழியில் திடீரென்று மைலேஜ் குறைந்து, ஐடில் வேகம் கூடி, நிறுத்தியபின்னும் ஃபேன் சத்தமாக ஓடினால் இந்த வேலை நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். அப்போது எஞ்சினை ஓடவிட்டபடி நிற்காமல் சீராக ஓட்டிக்கொண்டே போங்கள்.

இறக்கியதும்

சைக்கிளை இறக்கியவுடன் ஏறி உட்காராதீர்கள். புகைக்குழாய்ப் பக்கம் இருந்த டயரை முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் பளபளப்பு, நிறம் வெளுத்திருப்பது, வீக்கம், மெல்லிய வெடிப்புகள், நூல் தெரிவது, விளிம்பு ரிம்மிலிருந்து எழும்பியிருப்பது, கருகிய ரப்பர் வாசனை, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அந்த டயரில் ஓட்ட வேண்டாம். விரலால் அழுத்தி, எதிர்ப்பக்கத்து ரப்பரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சூடுபட்ட இடம் கூடுதல் இறுக்கமாகவோ பிசுபிசுப்பாகவோ இருக்கும். மலைப்பயணத்துக்கு ஒரு மாற்று டயரை மடித்து எடுத்துப்போவது அதிகப்படி இல்லை. ஏலகிரி மேலே உங்கள் அளவுக்கு டயர் தேடிக் கிடைக்காது.

சந்தேகம் இருந்தால் டயரைக் கழற்றி ரிம் டேப்பைப் பாருங்கள். ஸ்போக் துளைகள் எல்லாம் மூடியிருக்கின்றனவா, ஓரிடத்தில் டேப் சுருங்கி விலகியிருக்கிறதா? பிறகு காற்றை முழு அளவுக்கு அடித்துவிட்டு, டீ குடிக்கும் நேரம் காத்திருங்கள். நிற்கும்போது வெடித்தால் ஒரு டியூபோடு போகும்.

கார்பன் ரிம்மில் கொப்புளம், மஞ்சளாதல், பெயிண்ட் உப்பியது ஏதாவது தெரிந்தால், ஒரு நாணயத்தால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். மற்ற இடங்களில் கணீரென்று கேட்டு அந்த இடத்தில் மட்டும் மொத்தென்று கேட்டால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. சத்தம் சரியாக இருந்தாலும் கொப்புளம் கொப்புளம்தான். அந்தச் சக்கரத்தைக் கழற்றிக் காருக்குள் வைத்து, சென்னை திரும்பியதும் வாங்கிய கடையில் காட்டுங்கள். அன்றைக்கு இறக்கத்தில் அதை உருட்ட வேண்டாம்.